பச்சைப் புள்ளிக்குப் படகு கிடையாது

அலுவலகத்தில் அவனுக்கு அபாயம் என்று பெயர். வைத்தவர்கள் யார் என்று விசாரித்தால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுவார்கள். "அபாயம் வந்தாச்சா?" "அபாயம் இன்னிக்கு லீவு." "அபாயத்துக்கு ஜலதோஷம், கொஞ்சம் தள்ளியே உக்காரு." வெள்ள எச்சரிக்கை மையத்தில் இப்படிப் பேசிக்கொள்வதைப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால் முதல் நாளே பாதி உயிர் போய்விடும். மீதி உயிர் படி ஏறுவதில் போகும். மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. "ஆபத்துக் காலத்தில் லிஃப்டைப் பயன்படுத்தாதீர்" என்ற பலகையை அந்த லிஃப்ட் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, எல்லாக் காலத்திலும் ஓடாமலே நின்றது.

அபாயத்தின் வேலை சுலபமானது. ஆற்றுப் பாலங்களின் தூண்களில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவிகள் இருந்தன. மட்டம் கோட்டைத் தாண்டினால் ஊரில் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் செய்தி போகவேண்டும். போகிறதா என்று பார்ப்பது அவன் பொறுப்பு. அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் மழை பார்க்கிறவன். அவனை மேகம் என்பார்கள். காலையில் வந்ததும் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு, அதே வானத்தைக் கணினியிலும் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கணினியைத்தான் நம்புவான்.

செய்தியின் வாசகத்தை முடிவுசெய்ய ஒரு கூட்டம் நடந்தது. பழைய பட்டன் போன்களுக்குத் தமிழ்ச் செய்தி எழுபது எழுத்துக்கு மேல் போனால் இரண்டாக உடைந்துவிடும். போன் போடும் கணக்கில் புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனி எழுத்து. உடைந்த செய்தியில் பின்பாதி முன்னால் வருவதும் உண்டு. கூட்டத்துக்கு முன்பு சிலருக்கு அனுப்பிப் பார்த்ததில் "செல்லவும்" என்று மட்டும் வந்தது. எங்கே செல்ல என்று கேட்டுத் திட்டினார்கள். அதனால் எழுபதுக்குள் அடக்கு அடக்கு என்று அடக்கியதில் கடைசியில் நின்றது இது:

"மதிப்பிற்குரிய மக்களே, ஆற்றில் வெள்ளம். உடனே மேட்டுக்குச் செல்லவும்."

அறுபத்தெட்டு. இரண்டு எழுத்து மிச்சம். இயக்குநர் மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. கிடைத்தவர்கள் 1 என்று பதில் அனுப்பவேண்டும். அதை நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தாகிவிட்டது.

"மேடம், டெஸ்ட் அனுப்பறப்ப 'சோதனை'ன்னு ஒரு வார்த்த சேக்கணுமே" என்றான் அபாயம்.

"சேத்தா?"

"எழுபதைத் தாண்டிடும். உடைஞ்சிடும்."

"உடையற மெசேஜை டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம்? நிஜமா எது போகுமோ அதையே அனுப்பிப் பாக்கணும். ஊருக்கெல்லாம் வேண்டாம். உங்க வீட்டு ஆளுங்க நாலு பேருக்கு அனுப்பிப் பாருங்க. சொல்லி வச்சுட்டா முடிஞ்சுது."

நியாயமாகத்தான் பட்டது. அந்த மையத்தில் எடுத்த முடிவுகள் எல்லாமே எடுத்த நிமிஷத்தில் நியாயமாகத்தான் பட்டன.

இப்படித்தான் கணினியில் "வீடு" என்று ஒரு குழு உண்டானது. அதில் அபாயத்தின் தங்கை, தங்கையின் வீட்டுக்காரர், அப்புறம் அப்பா. அப்பாதான் முக்கியம். அலுவலகத்தில் எல்லாரிடமும் தொட்டால் ஒளிரும் போன்கள். அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். எண்கள் தேய்ந்து, எது ஐந்து எது எட்டு என்று விரல்தான் சொல்லவேண்டும். அந்தப் போனில் ஒரு செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் உலகத்தில் எந்தப் போனிலும் போய்ச் சேரும்.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆற்றை ஒட்டிய பள்ளத் தெருவில் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். அம்மா போனபிறகு பிள்ளைகள் கூப்பிட்டும் வரவில்லை. "டெப்போவை விட்டு வண்டிய வெளிய நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டார். முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி சொன்ன பேச்சைக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வேலையில் இருந்த காலம் முழுக்கக் கண்டக்டர் விசில் கொடுக்காமல் ஒரு தடவைகூட வண்டியை எடுத்ததில்லை. ஒருமுறை கண்டக்டர் டீக்கடையில் கதை பேசி மறந்துபோக, வண்டி நிறையப் பயணிகள் கத்த, அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாராம். "விசில் வரலியே" என்றாராம்.

முதல் சோதனைச் செய்தியை அனுப்பும் அவசரத்தில் அப்பாவிடம் சொல்லிவைக்க அபாயம் மறந்துவிட்டான்.

மத்தியானம் தங்கையிடமிருந்து போன். "அண்ணா, அப்பா வீட்ல இல்லியாம். வீடு பூட்டியிருக்குன்னு எதிர்வீட்டு டெய்லர் சொல்றாரு. கையில பையோட மேட்டு ஸ்கூல் பக்கம் போனாராம். என்ன சண்ட போட்டே அவரோட?"

அவன் ஓடினான். மேட்டுப் பள்ளிக்கூடத்தின் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். காலில் ஷூ. தோளில் பை. கையில் குடை. சட்டைப் பையில் போன், மகன் என்றோ சொன்னபடி பிளாஸ்டிக் கவருக்குள். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு அவ்வளவு மேடும் ஏறியிருக்கிறார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வா தம்பி" என்றார். "மத்த யாரும் இன்னும் வரல. ஜனங்களுக்கு ஒரு ஒழுங்கு வேணாம்?"

பையைத் திறந்து பார்த்தான். அம்மாவின் போட்டோ. டிரைவர் லைசென்ஸ். ஒரு செட் துணி. மாத்திரை. அப்புறம் அவன் எட்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய சான்றிதழ். அதுவும் ஆறுதல் பரிசு.

"இதை எதுக்குப்பா?"

"நனைஞ்சிடாது?"

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு இறங்கினான். பள்ளத் தெருவில் விஷயம் முன்னமே பரவியிருந்தது. தையல் மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார் டெய்லர்.

"என்ன டிரைவரே, வெள்ளம் இன்னிக்கு லேட்டா? எத்தன மணிக்கு வண்டி?"

தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்திருந்ததை மகன் பார்த்தான். அந்தச் சிவப்பு அவனை என்னவோ செய்தது. வீட்டுக்குள் வந்ததும் அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, இனிமே இது மாதிரி மெசேஜ் அடிக்கடி வரும். எல்லாம் சும்மா டெஸ்ட்டு. நீங்க எங்கயும் போகாதீங்க. ஒண்ண அமுத்திட்டு உக்காந்துருங்க. அவ்வளவுதான்."

"ஒண்ண அமுத்திட்டு உக்காரணும்."

"ஆமா."

"அப்ப நிஜமா வந்தா?"

"நிஜமா வந்தா நானே ஃபோன் பண்ணுவேன்பா."

அப்பா யோசித்தார். "விசில் நீ குடுப்பே."

"நான் குடுப்பேன்."

"சரி, அப்ப சரி" என்று ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு செய்திகள் போயின. மழைக்காலம் நெருங்கினால் வாரத்துக்கு ஒன்று. ஆரம்பத்தில் அவன் முன்கூட்டியே போன் செய்து சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அப்பாவே, "எதுக்குடா வெட்டியா ஃபோன்? நான் பாத்துக்கறேன்" என்று நிறுத்திவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து உட்காரவைத்த மனிதருக்கு மறுபடி வேலை கிடைத்த மாதிரி இருந்தது. சிக்னல் ஜன்னலோரம்தான் கிடைக்கும் என்பதால் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திவிட்டார். முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு இருக்கும்போது செய்தி வந்தால், "ஒரு நிமிஷம், ஆபீஸ் வேலை" என்று கத்திரியை நிறுத்தச்சொல்லி 1 அழுத்துவார். ஒருமுறை எண் அழுந்தாமல் பதில் தாமதமாகப் போய்விட, மகனுக்கு விடாமல் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். மையத்துத் திரையில் அப்பாவின் வீடு ஒரு புள்ளி. செய்தி போனால் சிவப்பாகும். 1 வந்தால் பச்சையாகும். அவர் புள்ளி எப்போதும் எல்லாருக்கும் முன்னால் பச்சையாகிவிடும்.

"உங்கப்பா மாதிரி நாலு பேரு இருந்தா இந்த ஊர்ல வெள்ளமே வராதுடா" என்பான் மேகம்.

வந்தது. மழையே இல்லாத ஒரு நண்பகலில் வந்தது. ஊரில் நல்ல வெயில். மொட்டைமாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தொலைவில், மலைக்கு மேலே, இரவெல்லாம் பெய்த மழையில் ஓர் ஏரியின் கரை உடைந்திருந்தது. மேகம் ஜன்னலைப் பார்த்தான். கணினியைப் பார்த்தான். வழக்கம்போல் கணினியை நம்பினான். அன்றைக்கு அது சரியாகத்தான் சொன்னது. முதல் பாலத்துக் கருவி கோட்டைத் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கருவியே இல்லாமல் போனது.

"அனுப்புங்க" என்றார் மேடம்.

அபாயம் அனுப்பினான். ஊர் முழுக்கத் திரையில் அம்மை போட்டமாதிரி சிவப்புப் புள்ளிகள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முதலில் ஒரே ஒரு பச்சை, பள்ளத் தெருவில்.

"உங்கப்பாதான்டா ஃபர்ஸ்ட்டு!" மேகம் அவன் முதுகில் தட்டினான்.

அபாயத்துக்குச் சிரிப்பு வந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், உள்ளுக்குள் பெருமை. பிறகு பச்சைகள் பொரிந்துகொண்டே வந்தன. ஊரில் மற்ற யாருக்கும் இதற்கு முன்பு இந்தச் செய்தி முழுதாக வந்ததே இல்லை. அதனால் பார்த்தவர்கள் பார்த்தபடி எழுந்து ஓடினார்கள். பள்ளிகள் மணி அடித்தன. சந்தையில் தராசை அப்படியே விட்டுவிட்டு ஏறினார்கள்.

மீட்புக்கு இருந்த படகுகள் கொஞ்சம்தான். மேடம் மைக்கைப் பிடித்து எல்லாப் படகுகளுக்கும் ஒரே உத்தரவு போட்டார். "சிவப்புக்கு மட்டும் போங்க. பச்சைக்குப் படகு கிடையாது. நேரத்த வீணாக்காதீங்க." இதுவும் நியாயமாகத்தான் பட்டது. படகுக்காரர்களுக்குச் சிவப்பு வீடுகளைச் சொல்லிச்சொல்லி அபாயத்தின் தொண்டை கட்டிப்போனது. காது கேளாத ஒரு பாட்டியை எடுத்தார்கள். போனை வீட்டுக்குள் விட்டுவிட்டு மேலே ஏறிய ஒரு குடும்பத்தைக் கூரையிலிருந்து இறக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் மையத்தில் கை தட்டினார்கள். பச்சைப் பக்கம் யாரும் திரும்பவில்லை. அவனும் திரும்பவில்லை.

கட்டுப்பாட்டு அறைக்குள் சொந்தப் போன் கூடாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது சும்மா தன் போனை எடுத்துப் பார்த்தான்.

ஒரு மிஸ்டு கால். அப்பா.

அப்பா எப்போதும் ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடுவார். மகன் வேலையில் இருப்பான், தொந்தரவு செய்யக்கூடாது, சௌகரியப்பட்டால் கூப்பிடட்டும் என்று. செய்தி போய் வெகுநேரத்துக்குப் பிறகு வந்த அழைப்பு அது. அவன் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் மிக மரியாதையாகச் சொன்னது. மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் மரியாதை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பச்சை என்றால் செய்தி கிடைத்தது என்றுதான் அர்த்தம். கிளம்பிவிட்டார் என்று யார் சொன்னது?

உள்ளே ஓடினான். "மேடம், பள்ளத் தெருவுக்கு ஒரு படகு."

மேடம் திரையைப் பார்த்தார். "அங்க எல்லாம் பச்சையாச்சே."

"பச்சைதான் மேடம்."

"பச்சைக்கு எதுக்குங்க? இங்க இன்னும் இவ்வளவு சிவப்பு..."

"அது எங்கப்பா மேடம். அவரு ஒண்ண அமுத்திட்டு உக்காந்திருப்பாரு." அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "நான்தான் அப்படிச் சொல்லி வச்சிருக்கேன். நிஜமா வந்தா ஃபோன் பண்றேன்னு சொன்னேன். பண்ணல."

மேடம் மைக்கை எடுத்துப் பள்ளத் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த படகைக் கூப்பிட்டு, வீட்டு அடையாளத்தை அவனிடம் கேட்டுக்கேட்டுச் சொன்னார். டெய்லர் கடைக்கு எதிரே. ஓட்டு வீடு. நீலக் கதவு. அபாயத்தின் அப்பா வீடு.

"கதவு தெரியல மேடம்" என்றது படகுக்காரரின் குரல். "ஓடு மட்டும் தெரியுது. கூப்பிட்டுப் பாக்கறோம்."

காத்திருந்தார்கள்.

"ஓட்டைப் பிரிக்கறோம்."

பிறகு வெறும் இரைச்சல். தண்ணீரின் இரைச்சலா, கருவியின் இரைச்சலா என்று தெரியவில்லை. மேகம் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அபாயத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முதுகில் தட்டவில்லை. சும்மா உட்கார்ந்தான்.

"மையம்" என்றது குரல். "அங்க அபாயம்னு ஒருத்தர் இருக்காரா?"

மேகம் மைக்கை வாங்கினான். "சொல்லுங்க."

"அவரைக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க. அப்புறம் சொல்றேன்."

வெளியே போகச்சொல்லி யாரும் சொல்லவில்லை. அவனும் போகவில்லை. எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பள்ளத் தெருவில் அந்தப் புள்ளி மட்டும், எதுவுமே நடக்காததுபோல, பச்சையாகவே இருந்தது.

அப்பாவை எடுத்தபோது காலில் ஷூ போட்டிருந்தார். தோளில் பை. சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் போன். குடைகூடக் கையிலிருந்து நழுவிப் பக்கத்திலேயே கிடைத்தது. தயாராகத்தான் இருந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் டெய்லர் வந்தார். சேறு அப்பிய வேட்டியோடு அபாயத்தின் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை.

"தம்பி, நான் கூப்பிட்டேன். மெசேஜ் வந்ததுமே எங்க வீட்டம்மா கூச்சல் போட்டுக் கிளப்பிட்டா. 'டிரைவரே, வாங்க போலாம்'னு கையப் புடிச்சு இழுத்தேன். 'நீங்க போங்க, இது எங்க பையனோட ஆபீஸ் டெஸ்ட்டு. நிஜம்னா அவன் கூப்பிடுவான்'னாரு. 'எங்களுக்கும் வந்திருக்கே'ன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு. 'இன்னிக்குப் பெரிய டெஸ்ட்டு போல'ன்னு சொன்னாரு." டெய்லர் மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்கு நான் கிண்டல் பண்ணாம இருந்திருக்கலாம். பண்ணிட்டேன்."

தங்கை சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். டெய்லர் போனபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நீ ஏன்ணா ஃபோன் பண்ணல?"

அவன் எத்தனையோ பதில்களை யோசித்துவைத்திருந்தான். வேலை. படகுகள். கூடையில் கிடந்த போன். எல்லாமே உண்மை.

"பச்சையா இருந்துச்சு" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஈரப் பையிலிருந்து எடுத்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே காயப்போட ஆரம்பித்தாள். ஆறுதல் பரிசுச் சான்றிதழில் மை கரைந்து பெயர் போயிருந்தது. ஆறுதல் என்பது மட்டும் படிக்கமுடிந்தது. அதை அவள் அவனுக்குக் காட்டவில்லை. அவனாகத்தான் பார்த்தான்.

மையத்தில் விசாரணைக் கூட்டம் நடந்தது. மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் செய்தியின் வாசகத்தைப் பலகையில் எழுதிவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல 'மதிப்பிற்குரிய' எதுக்கு?"

அவர் அழித்தார். அழித்த இடத்தில் "சோதனை" என்று எழுதினார். எண்ணிப் பார்த்தார்கள். இடம் தாராளமாக இருந்தது. டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் புது வாசகத்துக்குச் சோதனை. மேடம் அபாயத்தை வேறு பிரிவுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டான். அவனே உட்கார்ந்தான். "வீடு" குழுவைத் தேர்ந்தெடுத்தான். அனுப்பினான்.

மூன்று சிவப்பு. தங்கையுடையது பச்சையானது. தங்கையின் வீட்டுக்காரருடையது பச்சையானது. இன்னொன்று ஆகவில்லை.

மேகம் அதைப் பார்த்தான். "அந்த நம்பரை நான் எடுத்துடறேன்டா" என்று மெல்லச் சொல்லி மவுஸைப் பிடித்தான்.

"எடுக்காத."

"இல்லடா, சும்மா சிவப்பா..."

"சிவப்பு இருந்தா ஆள் போகணும்" என்றான் அபாயம். "அதான ரூலு."

எழுந்தான். வாசலில் கூடையிலிருந்து போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இனிமேல் அது கூடையில் கிடக்காது என்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. படியில் இறங்க ஆரம்பித்தான். பள்ளத் தெருவுக்கு நடந்தால் அரைமணி ஆகும். நீலக் கதவைத் திறந்து, ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு வரவேண்டும். அங்கே யாரும் இல்லை என்று தெரியும். தெரிந்தாலும் போய்ப் பார்க்கவேண்டும்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மேகம் கையில் குடையோடு தடதடவென்று இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"வெயில் அடிக்குதேடா. குடை எதுக்கு?" என்றான் அபாயம்.

மேகம் வானத்தைப் பார்க்கவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்றான்.